ஃபேன் சுத்துது, ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரல்ல: டெஸ்க்டாப்பை எழுப்ப ஒரு முழு வழிகாட்டி

ஐப்பசி பிறந்து முதல் இடி இடித்த மறுநாள் காலையில் என் போன் ஓயாது. "அண்ணே, நேத்து ராத்திரி மின்னல் வெட்டினதுக்குப் பொறவு கம்ப்யூட்டர் எடுக்கல்ல" என்று தக்கலையில் இருந்து ஒருவர் கூப்பிடுவார். வைத்த கையோடு கருங்கலில் இருந்து இன்னொருவர். இந்த "எடுக்கல்ல" இருக்கிறதே, அது எதுவாகவும் இருக்கலாம். பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை என்பதும் எடுக்கல்லதான். விண்டோஸ் சின்னம் வந்து வட்டம் சுற்றிக்கொண்டே நிற்பதும் எடுக்கல்லதான். அதனால் நான் திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுத்துதா? மானிட்டரில் ஏதாவது எழுத்து வருதா? கீபோர்டில் நம்லாக் பட்டனைத் தட்டினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் எந்தப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று தெரிந்துவிடும்.

இந்த வழிகாட்டியும் அந்தக் கேள்விகளின் வழியில்தான் போகிறது. எடுத்த எடுப்பில் பெட்டியைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் போடுவது நம் ஆட்களின் வழக்கம். அது தேவையே இல்லை. இயந்திரம் எழுந்து வரும் வழியில் எந்த இடத்தில் நின்றுபோனது என்று முதலில் பார்க்க வேண்டும். கழற்றுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று சில சங்கதிகளும் உண்டு. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் பெரியவர்கள் இன்னும் தென்மேற்குப் பருவமழையை இடவப்பாதி, வடகிழக்கை துலாமழை என்றுதான் சொல்வார்கள். துலாமழைக்கு மின்னலும் கூடவே வரும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரம் முழுக்க உப்புக்காற்று. வடக்கே குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்து ஈரம். பிறகு, வளைகுடா போனவர்களின் பூட்டிக் கிடக்கும் வீடுகள். எனக்கு வரும் பழுதுகளில் பெரும்பகுதி இந்த நாலில் ஒன்றில் இருந்துதான் தொடங்குகிறது.

கை வைக்கும் முன்

சுவரில் இருந்து பிளக்கை உருவுங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு கம்ப்யூட்டரின் பவர் பட்டனை இருபது விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சம் தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று எதையும் தொட வேண்டாம். பெட்டிக்குள் கை விடும்போதெல்லாம் முதலில் பெட்டியின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். நம் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் அதில் இறங்கிப் போகட்டும்.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் என்கிற இரும்புப் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்காதீர்கள். 230 வோல்ட் உள்ளே போய் நேர்மின்சாரமாக மாறும்போது 320 வோல்ட்டுக்கு மேல் ஏறிக் கெப்பாசிட்டரில் உட்கார்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், வெள்ளை ரப்பர், பெயிண்ட் அடிக்காத புது பிரஷ், டார்ச், முடிந்தால் வோல்ட் அளக்க ஒரு மல்டிமீட்டர். எதைக் கழற்றும் முன்பும் போனில் ஒரு படம். "இந்த வயர் எங்க இருந்துச்சுன்னு தெரியல்ல" என்று இரவு பத்து மணிக்கு வரும் அழைப்புகள் எனக்கு நிறையப் பழக்கம்.

பட்டனை அழுத்தியதும் உள்ளே நடப்பது

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். பின்னால் வருவதெல்லாம் இதில்தான் நிற்கிறது.

சுவரில் பிளக்கைச் செருகி ஸ்விட்ச் போட்டவுடனேயே எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து ஊதா வயர் வழியாக 5 வோல்ட், எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் பெரிய பலகையான மதர்போர்டுக்குப் போய்க் காத்திருக்கும். நீங்கள் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு பச்சை வயரைக் கறுப்பு வயரோடு சேர்க்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அதுதான் "கிளம்பு" என்கிற உத்தரவு. உடனே மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வரும். அளவெல்லாம் சரியாக நின்றதும் சாம்பல் வயரில் "சரி" என்று ஒரு சைகை போகும். அதன் பிறகுதான் பிராசஸர் கண் திறக்கும். மதர்போர்டில் எழுதி வைத்திருக்கும் தொடக்க நிரலான பயாஸைப் படிக்கும், தற்காலிக நினைவகமான ரேமைச் சோதிக்கும், திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸைத் தேடும். திரையில் முதல் எழுத்து வருவது இவ்வளவும் முடிந்த பிறகு. கடைசியாக டிஸ்க்கில் இருந்து விண்டோஸ்.

திரை கறுப்பாக இருந்தால் மானிட்டர் போய்விட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். அந்தக் கறுப்புக்கு முன்னால் இத்தனை படி இருக்கிறது. எந்தப் படியில் வழுக்கியது என்பதுதான் கேள்வி.

உயிரே இல்லை: விளக்கு இல்லை, ஃபேன் இல்லை

சுவரில் இருந்து தொடங்குங்கள். அதே பிளக் பாயிண்டில் போன் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். அடுத்தது யுபிஎஸ். அதன் பேட்டரி செத்துப்போனால் சில யுபிஎஸ்கள் கரண்ட் இருக்கும்போதுகூட வெளியே எதையும் விடாது. யுபிஎஸ்ஸை ஒதுக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் மாட்டிப் பாருங்கள். நான் பழுது பார்த்ததாகச் சொல்லிப் பணம் வாங்க மனம் வராத வேலைகளில் இதுதான் முதலிடம்.

பிறகு பவர் கார்டு. பெரும்பாலான மானிட்டர்களுக்குப் போகும் கார்டும் இதுவும் ஒன்றேதான், மாற்றிப் பார்க்கலாம். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் உள்ள சின்ன ஸ்விட்ச் வட்டம் போட்ட பக்கம் சாய்ந்திருந்தால் அணைந்திருக்கிறது என்று பொருள். கோடு போட்ட பக்கம் தள்ளுங்கள். வீடு துடைக்கும்போது கை பட்டு அணைவது சாதாரணம். பழைய எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச் ஒன்று இருக்கும். அது 230-லேயே இருக்க வேண்டும். 115-க்குத் தள்ளிவிட்டுப் போட்டால் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம் வரும், அத்தோடு அந்த எஸ்எம்பிஎஸ்ஸின் கதை முடிந்தது. விடுமுறைக்கு வந்த சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் நான் முதலில் பார்ப்பது அந்தச் சிவப்பு ஸ்விட்சைத்தான்.

இவ்வளவும் சரி, இன்னும் உயிரில்லை என்றால் பக்கப் பலகையைக் கழற்றுங்கள். சில மதர்போர்டுகளில் சின்ன விளக்கு ஒன்று இருக்கும். பிளக் போட்டதுமே அது எரிந்தால் ஊதா வயரின் 5 வோல்ட் வந்துவிட்டது. அப்படியானால் சந்தேகம் முன்பக்கப் பட்டன் மேல். உப்புக்காற்றில் முதலில் துருப்பிடித்து ஒட்டிப்போவது அந்தப் பட்டன்தான், எறும்பு குடியிருப்பதும் அதற்குள்தான். பட்டனில் இருந்து மெல்லிய இரண்டு வயர் மதர்போர்டின் ஓரத்துக்கு வரும். அதைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரே ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். எந்த இரண்டு என்பதை மதர்போர்டு மேனுவல் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கம்ப்யூட்டர் கிளம்பினால் பழுது பட்டன் மட்டும். அவசரத்துக்கு ரீசெட் பட்டனின் வயரை அந்த இடத்தில் மாட்டி ஓட்டலாம். முட்டத்தில் ஒரு வீட்டில் நாலு வருஷமாக ரீசெட் பட்டனில்தான் ஆன் செய்கிறார்கள்.

விளக்கும் இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் இருந்து 24 பின் இணைப்பைக் கழற்றுங்கள். மற்ற இணைப்புகளையும் கழற்றிவிடுங்கள். ஒரு பேப்பர் கிளிப்பை யு வடிவில் வளைத்து, பச்சை வயர் உள்ள ஓட்டையிலும் பக்கத்துக் கறுப்பு வயர் ஓட்டையிலும் செருகிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். பிறகு பிளக்கைப் போடுங்கள். ஃபேன் சுற்றினால் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு உயிர் இருக்கிறது. எல்லா வயரும் கறுப்பாக வரும் புது ரகங்களில் ஊகித்துச் செருகாதீர்கள், படம் பார்த்து 16-ஆம் பின்னைக் கண்டுபிடியுங்கள். சுமை குறைவாக இருந்தால் ஃபேன் சுற்றாமலே ஓடும் விலை கூடிய எஸ்எம்பிஎஸ்களும் உண்டு. அவற்றுக்கு மல்டிமீட்டர்தான் வழி.

ஃபேன் சுற்றியதால் மட்டும் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று சொல்லிவிட முடியாது. மல்டிமீட்டரை நேர்மின்சார அளவில் வைத்து, கறுப்புக் கம்பியைக் கறுப்பு வயரிலும் சிவப்புக் கம்பியை மற்ற நிறங்களிலும் வைத்து அளக்க வேண்டும். 12 என்பது 11.4-இல் இருந்து 12.6 வரை இருக்கலாம். 5 என்பது 4.75-இல் இருந்து 5.25 வரை. 3.3 என்பது 3.14-இல் இருந்து 3.47 வரை. இந்த எல்லை தாண்டினால் மாற்றுவதே நல்லது. எல்லைக்குள் இருந்தாலும் சுமை ஏறும்போது சரிந்துபோகும் எஸ்எம்பிஎஸ்கள் உண்டு. பழைய இயந்திரம் என்றால் நான் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்துவிடுவேன், நேரம் மிச்சம்.

மின்னல் பற்றி ஒரு வார்த்தை. குலசேகரத்தில் ஒரு ரப்பர் வியாபாரி இடி கேட்டதும் ஒழுங்காகப் பிளக்கை உருவி வைத்திருந்தார். மறுநாள் மதர்போர்டு செத்துக் கிடந்தது. பிராட்பேண்ட் பெட்டியில் இருந்து வந்த நெட்வொர்க் வயரை அவர் கழற்றவில்லை. மின்னல் அந்த வழியாக வந்து, நெட்வொர்க் போர்ட்டைக் கருக்கிவிட்டு உள்ளே போயிருக்கிறது. இடி தொடங்கினால் மூன்றையும் உருவ வேண்டும்: கம்ப்யூட்டர் பிளக், மானிட்டர் பிளக், நெட்வொர்க் வயர். 2017 நவம்பர் 30-இல் ஓகி புயல் அடித்துப் போன பிறகு நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது கரண்ட் திரும்பி வந்த வாரத்தில்தான் எனக்கு வேலை குவிந்தது. கரண்ட் போகும்போது ஸ்விட்ச் போட்டபடியே விட்டுவிட்ட வீடுகள் அவை. கரண்ட் வந்து பத்து நிமிஷம் ஆகட்டும், பிறகு பிளக்கைப் போடுங்கள்.

சுற்றி உடனே அணைகிறது

ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுபோனால் உள்ளே எங்கோ ஷார்ட். எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. முன்பக்க யுஎஸ்பி போர்ட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். பென் டிரைவைத் தலைகீழாகக் குத்தி உள்ளே பின் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் இப்படி ஆகும். மதர்போர்டுக்குப் பின்னால் பல்லி காய்ந்து கிடக்கிறதா, கழன்ற திருகு ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். நான் பல்லியை எடுத்த பெட்டிகள் பத்துக்கு மேல் இருக்கும்.

கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படாவிட்டால் ஹார்ட் டிஸ்க், டிவிடி, கிராபிக்ஸ் கார்டு, முன்பக்க யுஎஸ்பி வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். நின்று ஓடினால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். எதை மாட்டியதும் விழுகிறதோ அதுதான் ஆள். ஒரு சமயத்தில் ஒன்று மட்டும், ஒவ்வொரு முறையும் பிளக்கை உருவிவிட்டு.

சில நிமிஷம் ஓடிவிட்டு அணைந்தால் அது சூடு. பிராசஸர் மேல் உள்ள ஃபேனின் நாலு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று நழுவியிருக்கும், அல்லது அடியில் உள்ள பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகி இருக்கும். மதர்போர்டில் உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். ஆப்பம் மாதிரி நடுவில் உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அந்தப் போர்டுக்கு அதிக நாள் இல்லை.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம் இதுதான். காசு வீணாவதும் இதில்தான் அதிகம். அதனால் இங்கே கொஞ்சம் நின்று போகலாம்.

முதலில் நம்லாக். கம்ப்யூட்டரை ஆன் செய்து ஒரு நிமிஷம் விட்டு, கீபோர்டில் நம்லாக்கைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டது, அதற்கு வாய்தான் இல்லை. ரேமைத் தொட வேண்டாம், பயாஸைத் தொட வேண்டாம். கோளாறு மானிட்டர், வயர், கிராபிக்ஸ் இந்த மூன்றுக்குள் இருக்கிறது. விளக்கு அசையவே இல்லை என்றால் இயந்திரம் உள்ளே எங்கோ பாதி வழியில் நிற்கிறது.

வாய் இல்லாத வகையை முதலில் பார்ப்போம். மானிட்டரில் "நோ சிக்னல்" என்று எழுத்து வந்தால் மானிட்டருக்கு உயிர் இருக்கிறது, பயப்படாதீர்கள். மானிட்டரின் பட்டனில் இன்புட் எது என்று பாருங்கள். வயரை எச்டிஎம்ஐயில் மாட்டிவிட்டு மானிட்டர் விஜிஏவைப் பார்த்துக்கொண்டிருந்தால் எத்தனை நாள் ஆனாலும் கறுப்புதான். வயரை இரு பக்கமும் கழற்றி மாட்டுங்கள். வேறு வயர் இருந்தால் மாற்றுங்கள். வீட்டு டிவியிலேயே மாட்டிப் பார்த்துவிடலாம், எச்டிஎம்ஐ இருந்தால் போதும்.

அடுத்து, வயரை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? பெட்டியின் பின்னால் யுஎஸ்பி, கீபோர்டு துளைகளோடு சேர்ந்து இருப்பது மதர்போர்டின் போர்ட். அதற்குக் கீழே தனியாகப் படுக்கை வசத்தில் இருப்பது கிராபிக்ஸ் கார்டின் போர்ட். கார்டு இருந்தால் வயர் கார்டில்தான் இருக்க வேண்டும். வடசேரியில் ஒரு கல்லூரிப் பையன் புதுக் கார்டு வாங்கி மாட்டிவிட்டு, வயரைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டு இரண்டு நாள் தூங்காமல் கிடந்தான். அவன் அம்மாதான் எனக்குப் போன் போட்டார். "பிள்ள சாப்பிடவும் மாட்டேங்கிறான், என்னன்னு வந்து பாத்துட்டுப் போங்க."

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு போர்ட்டில் பார்க்கலாம் என்றால், பிராசஸருக்குள் கிராபிக்ஸ் இருக்க வேண்டும். பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் அது கிடையாது. ரைசனில் 7000 வரிசைக்கு முந்தைய டெஸ்க்டாப் ரகங்களில் பெயரின் கடைசியில் ஜி எழுத்தே இல்லாதவற்றிலும் கிடையாது. அவற்றில் கார்டு இல்லாமல் எத்தனை முறை ஆன் செய்தாலும் படம் வராது. கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியாக 6 அல்லது 8 பின் பவர் வயர் வேண்டும் என்றால் அது மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி நம்லாக் அசையாத வகை. இங்கே என் கை முதலில் போவது ரேமுக்கு.

1. பிளக்கை உருவி, பட்டனை அழுத்தி வடித்த பிறகு, ரேமின் இரு ஓரத்துக் கிளிப்பையும் வெளியே தள்ளிக் கழற்றுங்கள். சில போர்டுகளில் ஒரு ஓரத்தில் மட்டும் கிளிப் இருக்கும்.
2. கீழ் ஓரத்தில் தங்க நிறப் பட்டைகள் தெரியும். கடலோர வீடுகளில் இவை மங்கி, சில சமயம் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். வெள்ளை ரப்பரால் மெதுவாக ஒரே திசையில் தேய்த்து, தூளைப் பிரஷால் தட்டிவிடுங்கள். மணல்தாள் வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, மாதா மாதம் தேய்த்தால் போய்விடும்.
3. ஸ்லாட்டுக்குள் உலர்ந்த பிரஷை விட்டுத் தூசியை எடுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும்.
4. ஒரே ஒரு ரேமை மட்டும் மாட்டுங்கள். நாலு ஸ்லாட் இருந்தால் பிராசஸரில் இருந்து எண்ணி இரண்டாவதில். கிளிப் "கிளிக்" என்று பூட்டும்வரை இரண்டு பெருவிரலாலும் அழுத்த வேண்டும். பாதி இறங்கிய ரேமால் வரும் பழுதுதான் அதிகம்.
5. வரவில்லையா, அடுத்த ஸ்லாட். பிறகு அடுத்த ரேம். இரண்டு ரேம், இரண்டு ஸ்லாட் என்றால் மொத்தம் நாலு சோதனை. எது எதில் வந்தது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

டிடிஆர் 5 ரேம் உள்ள புது இயந்திரம் என்றால் ஒரு எச்சரிக்கை. ரேமை மாற்றிய பிறகும் பயாஸ் ரீசெட் ஆன பிறகும் அது ரேமோடு பழகிக்கொள்ளச் சில நிமிஷம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். இடையில் பொறுமை இழந்து அணைத்தால் மறுபடி முதலில் இருந்து. ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

மதர்போர்டில் சின்ன ஸ்பீக்கர் இருந்தால் அது பேசும் பாஷை உதவும். ரேம் இல்லை என்றால் பெரும்பாலும் நீளமாகத் திரும்பத் திரும்பக் கூவும். ஒரு நீளம், இரண்டு குறில் என்றால் பல போர்டுகளில் கிராபிக்ஸ் கோளாறு. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி பாஷை மாறும், உங்கள் மாடலின் பட்டியலைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். பிராண்டட் கம்ப்யூட்டர்களில் பவர் விளக்கே எண்ணிக்கை வைத்து மினுக்கும். சில ஆண்டுகளாக வரும் போர்டுகளில் சிபியூ (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நாலு குட்டி விளக்கு உண்டு. எதில் நின்று எரிகிறதோ அந்தப் படியில் வழுக்கியிருக்கிறது. இதைவிட எளிதான உதவி கிடையாது. ஆனாலும் பெட்டியைத் திறந்து பார்க்காமல் "டிஸ்ப்ளே போச்சு" என்று முடிவு கட்டுபவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ரேம் மாற்றியும் வரவில்லை என்றால் பயாஸ் அமைப்பை அழிக்கலாம். மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் மாதிரி இருக்கும் சிஆர் 2032 பேட்டரியை, பிளக் உருவிய நிலையில் எடுத்துவிட்டு, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்தி, ஐந்து நிமிஷம் கழித்து மாட்டுங்கள். புதிதில் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். 2.7-க்குக் கீழே போயிருந்தால் புதிது போட்டுவிடுங்கள், கடிகாரக் கடையிலும் கிடைக்கும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வளைகுடாவில் இருந்து வருபவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இது செத்துத்தான் இருக்கும். அந்த வீடுகளுக்கு இன்னொரு யோசனையும் சொல்வேன். வந்த அன்றே ஆன் செய்யாதீர்கள். பக்கப் பலகையைக் கழற்றி, மின்விசிறிக் காற்றில் ஒரு பகல் ஆற விட்டு, தூசி தட்டி, மறுநாள் போடுங்கள்.

பயாஸை அழிக்கும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். டிஸ்க் பிட்லாக்கர் என்கிற விண்டோஸ் பூட்டால் பூட்டப்பட்டிருந்தால், அழித்த பிறகு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமித்திருக்கிறதா என்று போனில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

இதற்கும் அசையாவிட்டால் பிராசஸர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் இந்த மூன்றோடு மட்டும் ஓட்டிப் பாருங்கள், உள்ளே கிராபிக்ஸ் இல்லாத பிராசஸர் என்றால் கார்டும் கூடவே. மதர்போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்கென்று வரும் 4 அல்லது 8 பின் வயர் நன்றாகப் பதிந்திருக்க வேண்டும். புதிதாகக் கூட்டிய இயந்திரங்களில் மறந்துபோவது இது. ஃபேன் எல்லாம் சுற்றும், பிராசஸருக்குச் சோறு இருக்காது. பிராசஸரைக் கழற்றுவதை நான் கடைசிவரை தள்ளிப்போடுவேன். அது சாவது அபூர்வம். கழற்றும்போது சாக்கெட்டின் பின் வளைவதோ அபூர்வமே இல்லை.

எழுத்து வருகிறது, விண்டோஸ் வரவில்லை

கம்பெனி சின்னம் திரையில் வந்துவிட்டால் மேலே சொன்னது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பொருள். நிம்மதியாக இருங்கள். சொருகியிருக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் உருவிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். இ-சேவை, ஜெராக்ஸ் கடைகளில் பாதிப் பழுது இத்தோடு தீர்ந்துவிடும். வாடிக்கையாளரின் பென் டிரைவில் இருந்து எழ முயன்று திகைத்து நின்றிருக்கும்.

"பூட் டிவைஸ் இல்லை" என்ற பொருளில் செய்தி வந்தால், ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய், டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் வயர் அல்லது டிஸ்க். டிஸ்க்கை மதர்போர்டோடு சேர்க்கும் சாட்டா வயரின் இரு முனையையும் கழற்றி மாட்டுங்கள், வேறு போர்ட்டிலும் போட்டுப் பாருங்கள். தெரிகிறது, ஆனால் எழவில்லை என்றால், எதில் இருந்து முதலில் எழுவது என்கிற பூட் வரிசையைப் பாருங்கள். பேட்டரி செத்து எல்லாம் பழைய நிலைக்குப் போயிருந்தால் எழும் முறை யுஇஎஃப்ஐ (புதியது), லெகசி (பழையது) என்று மாறிப்போயிருக்கலாம். பயாஸில் டிஸ்க்கோடு பேசும் முறை ஏஎச்சிஐயில் இருந்து ரெய்டுக்கோ மறுபுறமோ மாறியிருந்தால் நீலத்திரை விழும். முன்பு எது இருந்ததோ அதற்குத் திருப்பினால் சரியாகிவிடும். விண்டோஸை அழித்துப் போட வேண்டியதே இல்லை.

ஹார்ட் டிஸ்க்கில் இருந்து "டக், டக்" என்று சீராகச் சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். கல்யாண ஆல்பம், கடைக் கணக்கு எதுவும் அதில் இருந்தால் மறுபடி மறுபடி ஆன் செய்து பார்ப்பது அந்தத் தகவலுக்குக் குழி தோண்டுவது.

வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும் வகைக்கு: சுற்றும்போது பவர் பட்டனைப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு முறை செய்தால் மூன்றாவது முறை விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் முதலில். பலிக்காவிட்டால் கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குவது. அதுவும் பலிக்காவிட்டால், அவசியமானதை மட்டும் ஏற்றி எழும் சேஃப் மோட். சேஃப் மோடில் நன்றாக வருகிறது, சாதாரணமாக வந்தால் கறுப்பு என்றால் கிராபிக்ஸை ஓட்டும் மென்பொருளான டிரைவர்தான், அதை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். சின்னம் வந்த பிறகு கறுத்துப்போகும் திரைக்கு இன்னொரு தட்டல் உண்டு: விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி. டிரைவர் ஒருமுறை புதிதாக எழும். சில சமயம் அத்தோடு படம் வந்துவிடும்.

"ரீசெட்" என்கிற பட்டன் அதே திரையில் கையைப் பிடித்து இழுக்கும். தகவலை எடுத்து வைக்காமல் தொடாதீர்கள். வேறு கம்ப்யூட்டரில் ஒரு லினக்ஸ் பென் டிரைவ் தயாரித்து, அதில் இருந்து எழுப்பி, படங்களையும் கணக்குகளையும் முதலில் நகலெடுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் இங்கேயும் அந்தச் சாவி வேண்டும்.

கடைக்குக் கொண்டுபோவதானால்

கருகிய வாடை, உப்பிய கெப்பாசிட்டர், டக் டக் டிஸ்க், நீர் புகுந்த பெட்டி. இந்த நாலும் வீட்டில் பார்க்கிற வேலை அல்ல. மழைநீர் புகுந்திருந்தால் உலர்ந்ததா என்று பார்க்க ஆன் செய்யவே வேண்டாம். கடல்நீர் என்றால் இன்னும் மோசம், உப்பு காய்ந்த பிறகும் ஈரத்தை இழுத்துக்கொண்டு பட்டைகளை அரிக்கும்.

கொடுக்கும்போது "எடுக்கல்ல" என்று மட்டும் சொல்லாமல், நீங்கள் பார்த்ததை எழுதிக் கொடுங்கள். ஃபேன் சுற்றியதா, எந்த விளக்கு நின்று எரிந்தது, எந்த ரேம் எந்த ஸ்லாட்டில், முந்தின நாள் இடி இருந்ததா, கரண்ட் போய் வந்ததா. டிஸ்க்கில் முக்கியமானது இருந்தால் அதைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மீதியை மட்டும் கொடுக்கலாம். மாற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். நான் கேட்காமலே கொடுத்துவிடுவேன், எனக்கு இடமும் மிச்சம்.

குளச்சலில் ஒரு அக்கா டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறார். போன வருஷம் அவருக்கு இதையெல்லாம் ஒருமுறை சொல்லிக் கொடுத்தேன். இந்த ஆடிக் காற்றில் ஒரு நாள் கூப்பிட்டார். "தம்பி, ஃபேன் ஓடுது. நம்லாக் எரிஞ்சு அணையுது. மானிட்டர்ல நோ சிக்னல்னு வருது. டிவியில போட்டுப் பாத்தேன், அதுலயும் அதே வயர்ல வரல்ல." நான் ஒரே ஒரு எச்டிஎம்ஐ வயரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். பழைய வயரின் முனை பச்சை பூத்திருந்தது.